வலம் சுற்றிய தண்ணீர்

பேசின் என்றுதான் ஊர் அதற்குப் பெயர் வைத்தது. நீச்சல் தடாகம் என்று நான் எத்தனை தரம் திருத்தினாலும், "உங்கட பேசின்ல தண்ணி இண்டைக்கு எப்படி?" என்றுதான் கேட்பார்கள். குறை சொல்லவும் முடியாது. நிலத்தைத் தோண்டாமல், மணலுக்கு மேலேயே இரும்புக் கால்களை வட்டமாக நிறுத்தி, தடித்த நீலப் பிளாஸ்டிக் சீலையை உள்ளே விரித்துத் தண்ணீர் நிரப்பிய சாமான் அது. உள்ளே நின்றால் நெஞ்சு மட்டத்துக்கு வரும். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஓர் அரக்கன் முகம் கழுவிவிட்டு எடுத்துவைக்க மறந்துபோன பேசின் மாதிரித்தான் இருக்கும்.

ஆலங்குடாவில் கடலோரமாக ஒரு விடுதி இருக்கிறது. கச்சான் காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கினால், பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்து நிரம்பிவிடுவார்கள். அவர்களுக்கு மத்தியானச் சோறும் கறியும் சமைத்துக் கொடுப்பது என் வேலை. விடுதிக்காரர் சீமெந்தில் புதுத் தடாகம் கட்டினார். பழையதைக் கழற்றி மதிலோரம் குவித்து வைத்திருந்தார்.

"இதை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தேவையெண்டா கொண்டுபோங்க" என்றார்.

அவர் வாய் மூடுவதற்குள் நான் லேண்ட்மாஸ்டர் டிராக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டேன். வீட்டில் வந்து இறங்கிய குவியலைப் பார்த்து என் கணவர், "மனுசருக்கு ஆசை வரலாம். ஆனா பேசினுக்கு ஆசை வந்த மனுசியை இப்பத்தான் பாக்கிறன்" என்றார்.

ஆசை எனக்கில்லை. அது அக்காவுக்காக.

அக்கா கிணற்றடி ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். காயமும் வடிவாக ஆறியது. நடைதான் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கட்டிலுக்கு. அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் முகம் வேர்த்துவிடும். நடை பழக்குகிற மிஸ் சொன்னார்: "அம்மா, தண்ணிக்குள்ள நடங்க. உங்கட பாரத்தைத் தண்ணி சுமக்கும். காலுக்கு வேலை மட்டும் மிஞ்சும்."

மூன்று பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நடக்கத் தண்ணீர் தேடுகிற விதி எங்களுக்கு! கச்சான் காலத்துக் கடல் ஆளைத் தூக்கி அடிக்கும். உள்பக்கத்துக் களப்பில் அலை இல்லை, ஆனால் அடியெல்லாம் சேறும் சிப்பியும். கால் வைத்தால் அறுத்துவிடும்.

அக்காவுக்கு அவசரம் ஒன்று இருந்தது. எங்கள் கோயில் திருநாள் அந்தக் கச்சானுக்குள்தான் வருகிறது. மாதாவின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வரும்போது, பின்னால் போகும் பெண்களின் வரிசையில் முதலாவது குரல் அக்காவுடையது. அவள் பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அந்த வருசம் சில்லுக் கதிரை ஒன்று ஒழுங்கு செய்யலாம் என்று கோயில் சபையில் யாரோ பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

"சில்லுக் கதிரையில இருத்தித் தள்ளிக்கொண்டு போனா, சனம் மாதாவைப் பாக்குமா, என்னைப் பாக்குமா?" என்றாள் அக்கா. "நடந்து போறதெண்டாப் போவன். இல்லாட்டி வீட்டுக்குள்ள இருந்து வெடிச்சத்தம் கேட்டுக்கொள்ளுறன்."

அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். பாட்டில்லாத திருநாளையும், கட்டிலில் படுத்து வெடிச்சத்தம் கேட்கிற அக்காவையும் நினைத்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

என் கணவர் நக்கல் அடித்தாலும் கை சும்மா இருக்காது. கச்சானுக்கு மீன்பிடி வள்ளம் கரையேறிவிட்டதால் அவருக்கும் நேரம் இருந்தது. பழைய வள்ளப் பலகையில் இரண்டு பக்கமும் கைபிடி வைத்த படி ஒன்று செய்தார். வெளியே ஏறி உள்ளே இறங்கலாம். தண்ணீர் மோட்டரைக் குசினிச் சுவரோரம் வைத்தார். அதற்கு இரண்டு வாய். ஒன்று தடாகத்தின் விளிம்பில் கொழுவி வைப்பது. அது மேல் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் வடிகட்டிக்குள் போய்ச் சுத்தமாகி, மற்ற வாயால் திரும்ப உள்ளே வரும். குடிக்கிற வாய், துப்புகிற வாய் என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் அக்கா தண்ணீருக்குள் இறங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். என் தோளைப் பிடித்திருந்தாள். ஓர் அடி. இன்னுமோர் அடி. பிறகு என் தோளை விட்டாள்.

"தங்கச்சி, எனக்குப் பாரமே இல்லையடி!" என்றாள்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நாள்தான்.

தண்ணீர் முதலில் மங்கியது. பிறகு பால் கலந்த மாதிரி ஆனது. சீலையில் கை வைத்தால் வழுவழுவென்று பாசி. குளோரின் போட்டோம். மணம் மூக்கைப் பிய்த்தது, தண்ணீர் தெளியவில்லை. அக்காவின் முதுகிலும் கையிலும் சிவப்பாகத் தடித்து அரித்தது. மிஸ் பார்த்துவிட்டு, "தண்ணி தெளியிற வரைக்கும் இறங்க வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் மணலில் நல்ல தண்ணீர் மெல்லிய போர்வை மாதிரித்தான் கிடக்கிறது. கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். முதல் தரம் நிரப்பியதே பயந்து பயந்து, சிறுகச் சிறுக. ஆகவே இந்தத் தண்ணீரைத்தான் திருத்தி எடுக்க வேண்டும்.

கற்பிட்டியில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் நாநாவிடம் போய்க் கதையைச் சொன்னேன். இன்னும் பலமான மருந்து ஏதாவது இருக்கா என்று கேட்டேன். அவர் கல்லாவில் இருந்தபடியே கேட்டார்:

"தங்கச்சி, அந்தத் தண்ணி நடக்குதா?"

"நடக்கிறதுக்கு ஆள் இருக்கு நாநா. தண்ணியும் நடக்க வேணுமா?"

"சும்மா படுத்துக் கிடக்கிற ஆளுக்கு மருந்து குடுத்து என்னத்துக்கு? எழுப்பி நடக்க விடணும்."

அவர் பகிடிக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது நெஞ்சில் தைத்தது. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆட்கள் சொல்லுகிற நல்ல கதை ஒன்றைப் பிடித்துவிட்டால் விடமாட்டேன், அவ்வளவுதான் என் படிப்பு. வீட்டிலும் இரண்டு நோயாளிகள். அக்காவும் நடக்கவில்லை, தண்ணீரும் நடக்கவில்லை. முதலில் தண்ணீரை நடக்க வைப்போம் என்று முடிவெடுத்தேன்.

வலை போடுகிறவர்கள் போடுவதற்கு முன் தண்ணீர் பார்ப்பார்கள். எதையாவது மிதக்கவிட்டு, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பது. "இஞ்ச பாருங்க, எங்கட பேசினுக்கும் தண்ணி பாருங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனாலும் போய் வலையிலிருந்து கழன்ற மிதப்புகளைக் கைநிறையக் கொண்டுவந்து தண்ணீரில் எறிந்தார். மோட்டரைப் போட்டோம்.

மிதப்பெல்லாம் காற்றோடு ஓடிப்போய் அந்தக் கரையில் ஒட்டிக்கொண்டன. அங்கேதான் சவுக்கு ஊசிகளும் மணல்தூசும் எண்ணெய் மாதிரி ஒரு படையும் மிதந்துகொண்டிருந்தன. எங்கள் குடிக்கிற வாய் இந்தக் கரையில், குசினிச் சுவரோரம், பளிச்சென்ற மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே துப்புகிற வாய்.

"ஒரு வாய் துப்புறதை மற்ற வாய் குடிக்குது" என்றேன். "இரண்டும் தங்களுக்குள்ளயே குடித்தனம் நடத்துது. மற்றத் தண்ணி முழுக்க அநாதை."

அவர் தலையைச் சொறிந்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் ஊரில் அடுப்பு வைத்தாலும், இன்ஜின் இறக்கினாலும், கட்டில் போட்டாலும் கச்சானுக்கு மறைப்பான இடத்தைத்தான் கை தானாகத் தேடும். அவரும் எல்லாவற்றையும் சுவர் மறைவில், காற்றுப் படாத மூலையில் பத்திரமாக வைத்துவிட்டார். காற்றோ ஊத்தையையெல்லாம் அடுத்த கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. இந்தக் கரையில் பிறந்த ஆளைத் தவிர வேறு யாருக்கும் இப்படிப் பிழை வராது.

"காத்து எங்களுக்காகக் கூட்டி ஒதுக்கித் தருது, நாங்கள் தும்புத்தடியை இஞ்சால வச்சிருக்கிறம்" என்றார் அவரே.

நாநாவிடம் நீளமான ஹோஸ் வாங்கி, குடிக்கிற வாயை அந்தக் கரையில் கொழுவினோம். துப்புகிற வாய்க்கு எல்போ என்கிற வளைந்த குழாய்த்துண்டு ஒன்றை மாட்டினோம். நேரே நடுவுக்குப் பாயாமல், தடாகத்தின் விளிம்போரமாக, கொஞ்சம் கீழ்நோக்கிப் பாயும்படி திருப்பினோம். அது தண்ணீரை இடப்பக்கமாகத் தள்ளியது. மிதப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டம் போட்டுச் சுற்றத் தொடங்கின. ஊத்தை தானாகவே வந்து குடிக்கிற வாய்க்குள் விழுந்தது. என் கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தானே கடலைத் திருப்பிவிட்ட மாதிரி நின்றார். எனக்கும் பெருமைதான். விடுதியில் சோறு பரிமாறும்போதுகூட அந்தக் கதைதான்.

சீலையைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியையும் கழுவிக் கழுவிப் போட்டு மோட்டரை ஓடவிட, தண்ணீர் தெளிந்தது. மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா மறுபடி இறங்கினாள்.

பின்னேரம் தண்ணீர் மறுபடி மங்கல்.

அடுத்த நாளும் அப்படித்தான். காலையில் தெளிவு, அக்கா நடந்து ஏறினால் கலங்கி அப்படியே நிற்கும். ஊத்தை சுற்றவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. திருநாளுக்குக் கொடியேறுகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. "விடடி, என்ர பாக்கியம் அவ்வளவுதான்" என்று அக்கா சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று அவள் நடக்கும்போது, துணைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த நான் சும்மா ஒரு மிதப்பை எடுத்து எறிந்தேன். அது கொஞ்சம் இடப்பக்கம் போனது. நின்றது. கொஞ்சம் வலப்பக்கம் வந்தது. நின்றது. சந்தியில் வழி மறந்து நிற்கிற ஆள் மாதிரி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். தடாகத்தின் நடுவைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, சுவரோரமாக, உதட்டுக்குள் பாட்டை முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். கூட்டுக்குப் பின்னால் கோயிலைச் சுற்றுவது மாதிரியே. வலம்! நானும் யோசிக்காமல் அவளுக்குப் பின்னால் வலமாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

"இஞ்ச பாருங்க!" என்று கத்தினேன். கணவர் ஓடிவந்தார். சொன்னேன். அவர் குனிந்து மிதப்பைப் பார்த்தார்.

"மோட்டர் இடமாத் தள்ளுது. அக்காவும் தங்கச்சியும் வலமாத் தள்ளுறீங்க. பாவம், நடுவில அந்தத் தண்ணி யாருக்குப் பயப்பிடுறது?" என்றார். பிறகு அக்காவிடம், "மச்சாள், நாளையிலருந்து கொஞ்சம் இடப்பக்கமாச் சுத்துங்களன்" என்றார்.

அக்கா நின்றாள். "என்ன சொன்னீங்க மச்சான்?"

"இடப்பக்கமா..."

"இடமாச் சுத்த நான் என்ன சவமா? பிறந்த நாளிலருந்து கோயிலை வலமாத்தான் சுத்துறன். இந்தக் காலுக்கு அதுதான் தெரியும். இப்பதான் அது நடக்கவே பழகுது, அதுக்குப் புதுசா வேற வேதமும் படிப்பிக்கச் சொல்லுறீங்களா?"

"இது பேசின் மச்சாள். கோயிலில்லை."

"நான் நடக்கிறது கோயிலுக்குத்தானே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனுசியைத் திருப்புவது கஷ்டம், ஓர் எல்போவைத் திருப்புவதில் என்ன கஷ்டம்? "கழட்டுங்க அதை. மற்றப் பக்கம் திருப்பிப் பூட்டுங்க" என்றேன்.

திருப்பிப் பூட்டினார். துப்புகிற வாய் இப்போது வலமாகப் பாய்ந்தது. அக்காவும் வலம், நானும் வலம், தண்ணீரும் வலம். எங்கள் கால்கள் மோட்டருக்கு உதவி, மோட்டர் எங்கள் கால்களுக்கு உதவி. மிதப்புகள் ஊர்வலத்தில் ஓடுகிற பிள்ளைகள் மாதிரி எங்களை முந்திக்கொண்டு ஓடின.

அன்று நாங்கள் ஏறி, மோட்டரையும் நிறுத்தி, கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கோப்பையைக் கலக்கிவிட்டு வைத்தால் அடியில் தேயிலைத் தூள் நடுவில் வந்து குவியும், பார்த்திருப்பீர்கள். நான் கோப்பைக்குள் பார்த்தேன், தடாகத்துக்குள் பார்த்தேன். அங்கேயும் அதேதான். அடியில் கிடந்த மணலும் ஊத்தையும் நடு மத்தியில், யாரோ கையால் கூட்டிவைத்த மாதிரி சின்னக் குவியலாக வந்து கிடந்தன. கணவர் உறிஞ்சுகிற ஹோஸை ஒரு தடியில் கட்டி, அந்தக் குவியலை அப்படியே இழுத்து எடுத்தார். அடுத்த நாள் காலையில், அடியில் விழுந்து கிடந்த வலை ஈயம் ஒன்றின் கீறல்கூட மேலேயிருந்து தெரிந்தது.

அதன்பிறகு அது எங்கள் முறையாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீடுகளில் முழங்கால் நோவு என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்களும் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வரிசையாக வலம். "ஒழுங்காக் கலக்குங்கடி, சீனி கரையட்டும்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவளுக்குத் தண்ணீருக்குள் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. நடந்து ஏறினால் தண்ணீர் கலங்கும் என்று பயந்தது போய், ஆட்கள் நடந்தால்தான் தண்ணீர் தெளியும் என்று ஆகிவிட்டது. கணவரோ வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் மிதப்பை எறிந்து காட்டினார். பாண் கொண்டுவருகிறவர்கூடத் தப்பவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அக்கா ஒருநாள் நடுவழியில் நின்று முறைத்தாள்.

"இப்ப நான் நடக்கேல்ல. தண்ணிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போகுது. இதுக்குச் சில்லுக் கதிரையே பரவாயில்லை."

அவள் சொன்னது சரி. மிஸ்ஸும் தண்ணீரை எதிர்த்து நடந்தால்தான் காலுக்குப் பலம் வரும் என்றுதான் சொல்லியிருந்தார். எதிர்த்து நடப்பதென்றால் இடமாக நடக்க வேண்டும். அதை அக்காவிடம் யார் சொல்வது?

அக்காவே வழி கண்டுபிடித்தாள். துப்புகிற வாய்க்கு நேரே போய், பாய்ந்து வருகிற தண்ணீருக்கு முகம் கொடுத்துத் திரும்பி நின்றாள். முழங்காலைத் தூக்கினாள். வைத்தாள். மற்றதைத் தூக்கினாள். தண்ணீர் அவளைப் பின்னால் தள்ளப் பார்த்தது, அவள் முன்னால் போகப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். இழுக்கிற நீரோட்டத்தில் துடுப்பைப் போட்டு வள்ளத்தை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

"மச்சாள், இது இடப்பக்கமில்லையா?" என்று கணவர் சும்மா சீண்டினார்.

"நான் எங்க சுத்தினன்? நிண்ட இடத்தில நிக்கிறன். தண்ணிதான் என்னைச் சுத்துது."

மிஸ் வந்து பார்த்துவிட்டு, "இதை ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். நான் கணவரைக் காட்டினேன். கணவர் மோட்டரைக் காட்டினார்.

தரையிலும் நடை வந்தது. முதலில் படியிலிருந்து கதிரைக்கு, பிறகு கிணற்றடிக்கு, பிறகு கோயில் வாசல்வரைக்கும் ஒரு தடியோடு.

திருநாளன்று கூடு வெளியே வந்தபோது, பெண்களின் வரிசைக்கு முன்னால் அக்கா நின்றாள். நீலச் சேலை. கையில் தடி. நான் அவளுக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். பாட்டை எடுத்துக் கொடுத்தாள். முதல் அடியில் குரல் கொஞ்சம் உடைந்தது. பின்னால் நின்ற பெண்கள், எங்கள் தண்ணீரைக் கலக்கிய அதே பெண்கள், இரண்டாவது அடியைத் தூக்கிப் பிடித்தார்கள். கோயிலை வலமாகச் சுற்றத் தொடங்கினோம்.

கடல் பக்கத்து மூலையில் திரும்பினால் கச்சான் நேரே முகத்தில் அடிக்கும். மெழுகுதிரியெல்லாம் அணைந்தது. சேலை பின்னால் இழுத்தது. அக்கா நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு" என்றாள். "இது துப்புற வாய். எனக்குப் பழக்கம்."

முழங்காலைத் தூக்கினாள். வைத்தாள். மற்றதைத் தூக்கினாள். இந்தத் தரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மூலை கடந்தது. கூட்டைத் தூக்கியவர்களில் ஒருவராக முன்னால் போய்க்கொண்டிருந்த என் கணவர், தோளில் பாரத்தோடு ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் கண்ட பெருமை என் முகத்திலும் இருந்திருக்கும். மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோயில் வாசலில் கூடு இறங்கியது. வெடி கொளுத்தினார்கள். இந்தத் தரம் அந்தச் சத்தத்தை அக்கா வாசலில் நின்று கேட்டாள். ஆட்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தடவினார்கள், சிலர் அழுதார்கள். அக்கா எல்லோரையும் விலக்கிக்கொண்டு என் காதுக்குக் கிட்ட வந்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒருத்தரும் தண்ணிக்குள்ள நடக்கேல்ல" என்றாள். "மோட்டரைப் போட்டிட்டா வந்த நீ?"